பாலம் உடைந்தால் அடுத்த இதழிலும் அது உடைந்தே இருக்க வேண்டும்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் சொல்லிவிடுகிறேன். இதழுக்கு 24 பக்கமாக, ஆறு இதழில் முடிகிற ஒரு தமிழ் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் எழுதுகிறீர்கள். நாயகன் மாறன், மதுரை கீழமாசி வீதி மளிகை மண்டியில் லோடுமேன். தொட்ட பொருளின் எடையைப் போக்குகிற சக்தி அவனுக்கு உண்டு. மூன்றாம் இதழின் சண்டையில் வைகை ஆற்றின் மேல் இருக்கும் ஏ.வி. பாலம் உடைகிறது. அங்கே குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) ஓட்டிக்கொண்டு வந்த அவன் அண்ணன் சாகிறான். படித்துப் பார்த்த நண்பர்களோ "நாலாவது இதழ்ல எந்திரிச்சு வந்துருவான்ல?" என்று சிரித்துவிட்டார்கள். சாவை எப்படி நம்ப வைப்பது என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சிக்கல் சாவோடு நிற்கவில்லை. இந்தக் கதையில் ஒன்று நடந்தால் அது நடந்ததாகவே நிற்கும் என்ற நம்பிக்கை வாசகருக்கு இன்னும் வரவில்லை. அதனால் அண்ணன், பாலம், மாறனின் சக்தி மூன்றையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

நண்பர்களின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 1992 நவம்பரில் வந்த சூப்பர்மேன் 75ஆம் இதழில் டூம்ஸ்டே என்ற அரக்கனோடு மோதி சூப்பர்மேன் இறந்தார். கறுப்பு உறையில் போட்டு, உள்ளே கையில் கட்டிக்கொள்ள ஒரு துக்கப்பட்டையும் வைத்து விற்றார்கள். மறு ஆண்டே அவர் திரும்பிவிட்டார். 1988இல் பேட்மேனின் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் பிழைக்கலாமா சாகலாமா என்று வாசகரிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்றவை 5,343, பிழைக்கட்டும் என்றவை 5,271. வாசகரே 72 வாக்கில் தீர்ப்பளித்த சாவு அது. அதுவும் 2005இல் கலைந்தது. காரணம், இன்னொரு வில்லனான சூப்பர்பாய் பிரைம் உலகங்களுக்கு நடுவே இருந்த சுவரைக் குத்தியதில் வரலாறு பிசகிவிட்டதாம். இதை எழுத்தாளரின் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. பாத்திரம் கம்பெனியின் சொத்து. மாதம் தவறாமல் இதழ் வர வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை எழுத்தாளர் மாறுவார், புதிதாக வருகிறவர் தான் சின்ன வயதில் படித்த அதே ஆட்டத்தை ஆடவே ஆசைப்படுவார். இந்த மூன்றும் சேருகிற இடத்தில் எந்தச் சாவும் விடுமுறைதான். உங்கள் காமிக்ஸில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை என்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம்.

அப்படியிருந்தும் அமெரிக்க காமிக்ஸிலேயே சில விளைவுகள் வெகுகாலம் நின்றிருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். அடுத்த கதைக்கு வழியை அடைக்கிற விளைவைச் சீக்கிரம் துடைத்துவிடுகிறார்கள். புதுக் கதைக்கு வழி திறக்கிற விளைவைத் தொட அவ்வளவாக யாருக்கும் மனம் வருவதில்லை. சூப்பர்மேன் செத்தால் சூப்பர்மேன் இதழை நடத்த முடியாது. ஆனால் 1988இல் ஜோக்கர் சுட்டு, பேட்கேர்லாக இருந்த பார்பரா கார்டனின் கால்கள் செயலிழந்தபோது, கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் மறு ஆண்டே அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நகரம் முழுவதும் தகவல் திரட்டுகிற ஆரகிள் ஆக்கினார்கள். பேட்கேர்லாக இருந்து சொல்ல முடியாத கதைகள் ஆரகிளிடம் கிடைத்தன. அதனால்தான் 2011 வரை அந்த நிலை நீடித்தது.

ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியின் சாவும் இந்த வகைதான். 1973இல் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 121ஆம் இதழில் பாலத்தின் உச்சியிலிருந்து வில்லன் கிரீன் காப்ளின் அவளைத் தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேனின் வலை அவள் காலைப் பிடித்துவிடுகிறது. கழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் ‘ஸ்னாப்’ என்று சின்னதாக ஓர் ஒலிக்குறிப்பு. சட்டென்று நிறுத்தியதால் வந்த உதறலே அவளைக் கொன்றது என்று பின்னர் வாசகர் கடிதப் பகுதியிலும் விளக்கினார்கள். எல்லோரும் இந்தக் கட்டத்தைத்தான் பேசுவார்கள். நீங்கள் அதற்கு அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வீட்டுக்கு வரும் தோழி மேரி ஜேனைப் பீட்டர் (ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர்) கடுமையாகப் பேசி வெளியே போகச் சொல்கிறான். அதுவரை ஆட்டம் பாட்டமே கதியென்று இருந்த பெண் அவள். அழுதுகொண்டே கதவுவரை போனவள், வெளியேறாமல் உள்ளே நின்றபடி கதவைச் சாத்துகிறாள். அங்கே ‘க்ளிக்’ என்று ஓர் ஒலிக்குறிப்பு. செத்தவள் க்வென், ஆனால் மாறிப்போனவள் மேரி ஜேன். பின்னால் எத்தனை குளோன்கள் வந்தும் அந்தச் சாவின் கனம் குறையாததற்கு இந்த இடம்பெயர்ப்பு ஒரு முக்கியக் காரணம். உங்கள் கதையில் அண்ணனின் சாவு யாரிடம் போய்த் தங்கப்போகிறது? மாறனிடம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. நாயகன் இரண்டு பக்கம் அழுதுவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அண்ணி, அம்மா, மண்டியில் கூட வேலை பார்க்கிற ஒருவர் என்று மூன்று பேரில் ஒருவராவது நிரந்தரமாக மாற வேண்டும்.

விளைவைத் துடைத்தால் என்ன கெடும் என்பதற்கு ஜீன் கிரேயின் வழக்கைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 1980இல் எக்ஸ்மென் என்ற சூப்பர்ஹீரோ குழுவின் கதையில், ஃபீனிக்ஸ் என்ற அண்ட சக்தி தலைக்கேறி டார்க் ஃபீனிக்ஸாகிவிட்ட ஜீன், தன் பசிக்கு ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அதைச் சுற்றிய ஒரு கோளில் 500 கோடி உயிர்கள் அழிகின்றன. முதலில் எழுதி வரைந்த முடிவில் அவளுடைய சக்தியை மட்டும் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 500 கோடிப் பேரைக் கொன்றவளுக்கு இவ்வளவுதான் தண்டனையா என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்துவிட்டார். கடைசிப் பக்கங்களை மாற்றி வரைந்தார்கள், 137ஆம் இதழில் ஜீன் தானே உயிரை விட்டாள். செய்ததற்கும் பட்டதற்கும் கணக்கு நேரானதால் அந்தக் கதை நின்றது. 1983இல் அவள் காதலன் ஸ்காட், அவளை அப்படியே உரித்து வைத்த மேடலின் ப்ரையரைக் கல்யாணம் செய்துகொண்டான், ஒரு மகனும் பிறந்தான். 1986இல் புதிய இதழ் ஒன்றைத் தொடங்க ஜீன் வேண்டியிருந்தது. கடலடியில் ஒரு கூட்டுக்குள் உண்மையான ஜீன் உறங்கிக்கொண்டிருந்தாள், அழித்ததும் இறந்ததும் அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட ஃபீனிக்ஸ் சக்திதான் என்று எழுதினார்கள்.

உயிர் வந்தது, கூடவே குற்றம் போய்விட்டது. தான் செய்யாத பாவத்துக்கு ஒருத்தி செத்த கதையாக 1980ஆம் ஆண்டின் கதை ஆகிவிட்டது. இழப்பு அதோடும் நிற்கவில்லை. ஜீன் வந்துவிட்ட சேதி கேட்டதும் ஸ்காட் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பினான். ஒரு கண்ணியமான நாயகன் ஒரே இதழில் குடும்பத்தைக் கைவிட்டவன் ஆனான். அந்தக் கறையை மறைக்க மேடலினை வில்லியாக்கினார்கள். அவள் வில்லியானதற்குக் காரணம் தேடி, ஜீனின் உயிரணுவிலிருந்து செய்த குளோன்தான் அவள் என்றார்கள். அவளும் செத்தாள். மிச்சமிருந்த குழந்தையை எதிர்காலத்துக்கு அனுப்பி, நரைமுடிக்காரனான கேபிளாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு சாவைத் துடைத்ததற்கு மூன்று பாத்திரங்களின் வாழ்க்கை செலவானது. நல்ல கதைகளும் நடுவில் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் புரிந்துகொள்ள வாசகருக்கு ஒரு வம்சாவளிப் படம் தேவைப்படுகிறது.

முன்பு நடந்ததைப் பின்னால் வரும் இதழ் திருத்துவதை ரெட்கான் என்கிறார்கள். எல்லா ரெட்கானும் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதற்கு நம்ம ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் வந்து, கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தவன், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபமே இப்போது பலித்தது என்கிறது. எல்லாம் முடிந்த பிறகு சொல்லப்படும் காரணம் இது. கோவலன் கொலைக்கு இன்னொரு அடித்தளம் வந்துவிடுகிறது. ஆனால் நடந்ததில் ஒரு துளியும் மாறவில்லை. பாண்டியன் எழுந்து வரவில்லை, எரிந்த ஊர் எரிந்ததுதான். மழை பொய்த்து நோய் பரவுகிறது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பலியிட வேண்டியிருக்கிறது. காரணத்தைத் திருத்தலாம், நிகழ்வைத் தொடக் கூடாது என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம். தீயை ஏவும் இடத்தையும் கவனியுங்கள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களைத் தொடாதே, தீயவர் பக்கம் போ என்று எரிக்கும் முன்பே சொல்லிவிடுகிறாள். சக்தியின் எல்லை, சக்தி வேலை செய்வதற்கு முன்னால் வாசகர் காதில் விழுந்துவிடுகிறது.

இப்போது மாறனுக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் கேட்காமல் விட்ட, ஆனால் வாசகர் கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி ஒன்று இருக்கிறது. எடையைப் போக்கத் தெரிந்தவனின் அண்ணன் மேல் பாலம் எப்படி விழுந்தது? அவன் பாலத்தைத் தொட்டிருக்கலாமே! நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. அதனால்தான் அந்தச் சாவு எழுத்தாளர் வைத்த சாவாகத் தெரிகிறது. சாவு, சக்தியின் எல்லையிலிருந்து முளைக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான், கையை எடுத்தால் எடை திரும்பிவிடும் என்று விதி வையுங்கள். இதை முதல் இதழில் சிரிப்புக்காகக் காட்டிவிடுங்கள்: 50 கிலோ சர்க்கரை மூட்டையை ஒரு விரலில் தூக்கியவன், இன்னொன்றைப் பிடிக்க மறு கையை நீட்டுகிறான், முதல் மூட்டை அவன் காலிலேயே விழுகிறது, மண்டி முழுக்கச் சிரிக்கிறது. இரண்டாம் இதழில் அதே விதி சின்னதாக ஒரு நஷ்டம் உண்டாக்கட்டும். மூன்றாம் இதழில் அவன் கையில் ஆட்கள் நிறைந்த பஸ் தொங்குகிறது, பத்தடி தள்ளி அண்ணனின் குட்டியானை. வாசகருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மூன்று முறைக்கு மேல் விதியைக் காட்டாதீர்கள், வகுப்பு எடுப்பதுபோல் ஆகிவிடும்.

எடை (பூமி இழுக்கிற விசை) போனாலும் நிறை (பொருளில் இருக்கும் பருப்பொருளின் அளவு) போகாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆட்களோடு பத்து டன் வருகிற பஸ் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், எடையே இல்லாவிட்டாலும் அதே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டுதான் இருக்கும். அதை ஒரு மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், 60 டன் சுமையைத் தாங்குவதற்குச் சமமான விசை மாறன் கையில் வந்து விழும். உள்ளே இருப்பவர்கள் தங்கள் எடையைப் போல ஆறு மடங்கு விசையோடு முன் சீட்டில் மோதுவார்கள், க்வெனுக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடக்கும். பத்து மீட்டர் ஓடவிட்டு நிறுத்தினால் விசை பத்தில் ஒரு பங்காகிவிடும், பலத்த பிரேக் போட்டதுபோல் தடுமாறுவார்கள், பிழைத்துக்கொள்வார்கள். ஆகவே மாறன் பஸ்ஸோடு பத்து மீட்டர் ஓட வேண்டும். அந்த ஓட்டம்தான் அவனை அண்ணனிடமிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. பாருங்கள், கணக்கே காட்சியை எழுதிவிட்டது. இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: பஸ்ஸைத் தொட்டால் உள்ளே இருப்பவர்களின் எடையும் போகுமா? போகாது என்றால் 50 பேரின் மூன்று டன் எடை அவன் கையில்தான் இருக்கிறது.

எல்லை உள்ள சக்திதான் நினைவில் நிற்கும் என்பதற்குத் தமிழ் காமிக்ஸ் வாசகரிடம் சாட்சி கேட்க வேண்டியதே இல்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தரத்தில் மிதக்கும் அந்தக் கையை எதிரி பார்த்துவிடுவானோ என்ற பதற்றம் இல்லாவிட்டால் அந்தக் கதைகளில் பாதி இல்லை.

பாலத்தை உடைப்பது அண்ணனைக் கொல்வதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அது தினமும் தேவைப்படும். வடகரையில் கோரிப்பாளையம், தென்கரையில் யானைக்கல், சிம்மக்கல். ராஜாஜி அரசு மருத்துவமனை வடகரையில் இருக்கிறது. நான்காம் இதழில் சிம்மக்கல்லில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ் சுற்றித்தான் போக வேண்டும். அந்தத் தாமதத்தை ஒரு பக்கம் காட்டுங்கள், அதில் மாறன் வரவே வேண்டாம். மதுரையில் கதை வைத்தால் நாட்காட்டியும் உங்களைச் சும்மா விடாது. மூன்றாம் இதழ் தை மாதம் என்றால் ஐந்தாம் இதழுக்குள் சித்திரை வந்துவிடும். பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவது அந்தப் பாலத்துப் பக்கம்தான். உடைந்த பாலத்தை வைத்துக்கொண்டு அத்தனை கூட்டத்தை எங்கே நிறுத்துவார்கள், எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு எப்படி வருவார்கள், இடிபாட்டை அள்ளாமல் அணையிலிருந்து தண்ணீர் திறக்க முடியுமா? உங்கள் வில்லனுக்கு இதைவிட நல்ல ஐந்தாம் இதழ் அமையாது. பாலத்தைச் சரிசெய்துவிட்டதாக ஒரு வரியில் எழுதினால் இத்தனையையும் இழந்துவிடுவீர்கள்.

இதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு சண்டைக்கும் நான்கு பத்தி: என்ன கெட்டது, யாருக்குத் தெரியும், யார் பணமோ உடம்போ செலவழிக்கிறார், எந்த இதழின் எந்தப் பக்கத்தில் அது மறுபடி கண்ணில் படும். நான்காவது பத்தி காலியாக இருந்தால் அந்தச் சேதத்தைச் சண்டையிலிருந்தே எடுத்துவிடுங்கள். மூன்றாம் இதழில் சண்டைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். சாவு 17, 18ஆம் பக்கத்துக்குள் நடந்து முடியட்டும், மிச்சப் பக்கம் உயிரோடிருப்பவர்களுக்கு. கடைசிக் கட்டத்தில் சாவை வைத்துத் ‘தொடரும்’ போட்டால், திரும்பி வருவான் என்று நீங்களே வாக்குக் கொடுத்த மாதிரி. நான்காம் இதழில் ஆறு பக்கத்துக்கு ஒரு தடயமாவது வரட்டும், அழுகையாக வேண்டாம். அண்ணன் பெயரில் இருக்கும் ஆர்.சி. புக், நொறுங்கிப்போன வண்டிக்கு மாதத் தவணை கேட்டு வாசலில் நிற்கிற ஃபைனான்ஸ்காரர், 21 நாளுக்குள் பதிய வேண்டிய இறப்பு, தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு அண்ணி நிற்கிற வரிசை. அன்று எங்கே இருந்தாய் என்று அவள் மாறனிடம் கேட்கும்போது அவனால் உண்மையைச் சொல்ல முடியாது. ஆறாம் இதழின் மோதல் அங்கே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெரிய கம்பெனிகள் காலத்தை இழுத்துக்கொண்டே போகின்றன. 1963இல் வியட்நாமில் பிறந்த அயர்ன்மேனின் தொடக்கத்தைப் பின்னால் ஆப்கானிஸ்தானுக்கு மாற்றிவிட்டார்கள். பிரிட்டனின் ஜட்ஜ் ட்ரெட் காமிக்ஸ் 1977இலிருந்து நிஜக் காலத்தில் நடக்கிறது, நமக்கு ஒரு வருடம் போனால் நாயகன் ட்ரெட்டுக்கும் ஒரு வருடம். 1982 கதையில் ட்ரெட் ஒரு சோவியத் பெருநகரத்தையே அழித்தார். அந்த நகரத்தில் மிஞ்சியவர்கள் பழிவாங்க வந்தது 2011இல் தொடங்கிய கதையில். கிட்டத்தட்ட முப்பது வருடம் கணக்கு நிலுவையில் இருந்திருக்கிறது. ஆறே இதழுக்கு நீங்கள் நிஜக் காலத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

எது உறுதி, எது என் கணிப்பு என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆண்டுகளும் எண்களும் பதிவானவை, விசைக் கணக்கு பள்ளி இயற்பியல். வழி திறக்கும் விளைவு நிற்கும் என்பது என் கணிப்புதான், அதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. 1985இல் இறந்த ஃப்ளாஷ் பேரி ஆலனின் இடத்தில் வாலி வெஸ்ட் இருபது ஆண்டுக்கு மேல் அருமையான கதைகளைத் தந்தான். அப்படியும் 2008இல் பேரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்கள் காமிக்ஸை நாளைக்கு வேறொருவர் தொடர்ந்து எழுதினால் இந்த நோட்டெல்லாம் அவரைக் கட்டுப்படுத்தாது. பக்க எண்ணிக்கை பற்றிச் சொன்னதும் சட்டமில்லை. உங்கள் ஓவியர் ஒரு பக்கத்துக்கு நான்கு கட்டம் வைப்பவரா ஏழு வைப்பவரா என்பதைப் பொறுத்து மாறும்.

அண்ணனை என்றைக்காவது திரும்பக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் மனதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் இப்போதே முடிவு செய்து, அதற்கான வழியை முதல் இதழிலேயே வைத்துவிடுங்கள், பிற்பாடு தேடாதீர்கள். அந்த எண்ணம் இல்லை என்றால் உடலைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் அம்மா அடையாளம் சொல்கிற ஒரு கட்டம் போதும். ஆற்றோடு போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தை மாத வைகையில் ஆள் அடித்துக்கொண்டு போகிற அளவுக்குத் தண்ணீர் போனது என்றால் மதுரைக்காரர் ஒருவரும் நம்ப மாட்டார்.